ரத்தினபாய் டீச்சரின் ருமானி

சிட்லபாக்கத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ரத்தினபாய் டீச்சர். தான் செய்வது சரிதானா என்று அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

எழுபத்தைந்தாம் வருடம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. முந்தின வருட மழை பொய்த்திருந்தது. ஆனால் அவர் கொல்லையிலும் என் கொல்லையிலும் ருமானி மாமரங்கள் இலை தெரியாமல் பூத்தன. ஞாயிறு ஆராதனையில் டீச்சர் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் ஆசீர்வதித்திருக்கிறார், ஜூன் மாத அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்துக்கு இரண்டு கூடை பழம் தருகிறேன் என்று சபையறிய வாக்குக் கொடுத்தார். நானும் ஆமென் சொன்னேன். பூவைப் பார்த்து நாங்கள் எல்லோருமே ஏமாந்தோம்.

மார்ச் கடைசியில் கிணற்றில் குடிக்க மட்டுமே தண்ணீர் இருந்தது. மரத்தில் இலை சுருண்டது. பிஞ்சு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒரு நாள் காலை டீச்சர் ஏணி போட்டு எல்லாப் பிஞ்சையும் பறிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டு வேலை செய்யும் செல்லம்மா பதறிப் போனாள். "இன்னாம்மா நீ, பிஞ்சைப் போயி பறிச்சிகினு கீற? கோயிலுக்குக் குடுக்கறேன்னு சொன்னது இன்னா ஆவறது?"

"மரம் பிழைக்கணும் செல்லம்மா. ஊரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைஞ்சு அளவா பெத்துக்கோன்னு நமக்குச் சொல்றாங்க இல்ல? அதையே நான் மரத்துக்குச் சொல்றேன்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் சிரித்தேன். கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டாரே என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். என் மரத்துப் பிஞ்சில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

பண்டிகையன்று ஏல மேஜையில் காய்கறியே அதிகமில்லை. டீச்சர் இரண்டு பெரிய பீங்கான் ஜாடிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஏலம் விடும் வேதசிரோமணி சார் தயங்கினார்.

"டீச்சர், கூடைன்னு இல்ல சொன்னீங்க?"

"கூடையில வச்சா ஒழுகும் சார். மாவடு."

சார் மூடியைத் திறந்தார். விளிம்புவரை சாறு நின்றது. "இந்தப் பஞ்சத்துல இவ்வளவு தண்ணி எங்க கிடைச்சுது?"

"ஒரு சொட்டு ஊத்தலை. கல்லுப்பு, மிளகாய்ப்பொடி, கடுகு, விளக்கெண்ணெய், அவ்வளவுதான். தண்ணி வடுவே விட்டது." பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். "மரம் போன வாரம் துளிர் விட்டிருக்கு. அடுத்த வருஷம் நாலு கூடை."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஜாடியை விடாமல் கேட்டு நான்தான் ஏலத்தில் எடுத்தேன். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, பட்டுப்போன என் மரத்தை விறகுக்காரர் வெட்டிக்கொண்டிருந்தார்.