அவன் ‘அம்மா’ என்று அழைத்தது என்னை அல்ல

ஆறு வருடங்களுக்கு முன்பு கோட்டூர்புரத்தில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். மகனுக்கு மூன்று மாதம். ஒரு நாள் காலை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். ‘இவனைக் கீழே போட்டுவிடுவேனோ?’ என்று திடீரென ஒரு நினைப்பு. உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. குளிப்பாட்டும்போது தண்ணீரைப் பார்த்தால் பயம். காய் நறுக்கும்போது கத்தியைப் பார்த்தால் பயம். கத்தியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். தூங்குகிற குழந்தையைத் தொட்டுத் தொட்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். எனக்கே தெரியாமல் ஏதாவது செய்துவிட்டேனோ என்று சந்தேகம். பார்த்துவிட்டு நகர்ந்தால் மறுபடி சந்தேகம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களே! அப்படிப் பயந்தவள், கடைசியில் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்தது என் கணவரின் அக்காவிடம். அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மயிலாப்பூரில் தனியாக இருந்தார். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில் வேலை. முதுகுவலி, குழந்தையைத் தூக்க முடியவில்லை, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் பொய் சொன்னேன். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடத்தைத் தாண்டியது. அண்ணி வேலையை விட்டுவிட்டார்.

அவனுக்குப் பல் முளைத்ததையும், அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும் போனில்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூர் போவோம். நான் மட்டும் எதிர்ச் சுவர் ஓரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெற்றவளுக்கே இல்லாத அக்கறை அத்தைக்கு என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, அண்ணி அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகன் தத்தித் தத்தி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டான். என் கண்ணுக்கு அரிவாள்மனை மட்டும்தான் தெரிந்தது. அவனை விலக்கிவிட்டு ஓடிப்போய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அண்ணி பின்னாலேயே வந்தார்.

“கதவத் தொறம்மா. உனக்கு முதுகுவலி இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். அவன உனக்குப் புடிக்கலியா?”

“புடிக்காம இல்ல அண்ணி. அவன நான் ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு.”

மூடிய கதவைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது.

“இத மனசுல வெச்சிக்கிட்டா இத்தன நாளா தனியா கெடந்த?” என்றார் அண்ணி.

அடுத்த வாரமே அண்ணியும் என் கணவரும் அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் என்னைக் கூட்டிப்போனார்கள். ஓ.சி.டி., அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்றார் அந்த மருத்துவர். கையைக் கழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு வருவதுதான் ஓ.சி.டி. என்று அதுவரை நினைத்திருந்தேன். யார்மேல் நமக்கு உயிரோ, அவர்களை வைத்தே பயமுறுத்துவதும் அந்த நோயின் குணமாம். நினைப்பு வந்தால் வரட்டும், அதைக் கண்டு ஓடுவதைத்தான் நிறுத்த வேண்டும் என்றார். மாத்திரையோடு பயிற்சியும் ஆரம்பமானது. முதலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். பிறகு அவன் இருக்கும்போதே காய் நறுக்க வேண்டும். சில நாள் அழுதுகொண்டே நறுக்கினேன். பல மாதங்கள் ஆயின.

கடைசிப் பயிற்சி எங்கள் வீட்டுப் பால்கனி. அண்ணி அவனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். அவனைத் தூக்கிக்கொண்டு கம்பி ஓரம் நின்றேன். அந்த நினைப்பு வந்தது. நெஞ்சு படபடத்தது. ஆனாலும் நான் நகரவில்லை. மெல்ல மெல்லப் படபடப்பு அடங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றிய அந்த நேரத்தில், அவன் என் பிடியிலிருந்து திமிறி, ஹாலைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டி “அம்மா” என்று அழுதான்.

அண்ணி எழுந்து இரண்டடி வந்தார். அப்புறம் அப்படியே திரும்பிச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவனை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, “இனிமே கொஞ்ச நாளைக்கு நான் வரல. நான் கண்ணுல பட்டா அவன் உன்கிட்ட ஒட்ட மாட்டான்” என்றார்.

“நீங்க எப்படி அண்ணி இருப்பீங்க?”

“நீ இருந்தியே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன்பிறகு எத்தனையோ நாள் மகன் வாசல் கதவைத் தட்டித் தட்டி “அம்மா, அம்மா” என்று தேடினான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு, ‘நான்தான்டா அம்மா’ என்று சொல்ல வாய் வரவில்லை. மடியில் மட்டும் போட்டுக்கொண்டேன். ஒருநாள் தேடுவதை நிறுத்திவிட்டான்.

அண்ணிக்குப் பழைய கடையில் மறுபடி வேலை கிடைக்கவில்லை. வேறொரு சின்னக் கடையில் சேர்ந்தார். பல மாதம் கழித்து, அவனுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலைச் செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகன் என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தான். அண்ணி நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். “பரவால்ல, உன்கிட்ட நல்லா ஒட்டிக்கிட்டான்” என்று சிரித்தார்.

இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. அவரை அத்தை என்று கூப்பிடுகிறான். அவர் வீட்டில் வளர்ந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. எனக்கு அந்த நினைப்பு எப்போதாவது வந்து போகிறது; நான் ஓடுவதில்லை. நான் குணமாகிவிட்டேன் என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், நானும்தான். ஆனால் மகன் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், எனக்காக ஒருத்தி வெறுங்கையோடு வீடு திரும்பினாளே என்று மனசு கனத்துப் போகிறது.