ஏழாவது படுக்கை

கணவர் அனுப்பிய படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி ஒன்றின் வரைபடம். அவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். விசா வந்ததும் நானும் மகளும் போய்ச் சேர வேண்டும். அடுத்த கோடையில் இந்த வண்டியை வாடகைக்கு எடுத்து மூவரும் ரோமாபுரி வரை போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. யார் எங்கே படுப்பது என்று குறித்து அனுப்பச் சொன்னார்.

ஆட்கள் மூன்று, படுக்கை நான்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வாரமாக எழுதாமல் வைத்திருக்கிறேன். மேலே படுத்தால் குழந்தை உருண்டு விழுந்துவிடுவாளோ, அடுப்புக்குப் பக்கத்தில் படுப்பது சரிதானா, வழியில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று அவரிடம் நாளுக்கொரு கேள்வி கேட்கிறேன். அவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். இதே ஊருக்கு, இதே மாதிரி வண்டியில், நான் ஏற்கெனவே ஒருமுறை படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அப்போது எனக்குப் பத்து வயது.

நைனார்பாளையத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பா பள்ளி ஆசிரியர். அப்பா, அம்மா, நான், தம்பி, இவர்களோடு அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டவர். ஏன் வந்தார் என்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அடுப்படி அவருடையது. இரவில் எனக்கும் தம்பிக்கும் நடுவில் படுப்பார்.

சித்தப்பா இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். அந்த வருடக் கோடை விடுமுறைக்குச் சித்தியையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே ஒரு வழவழப்பான தாளைக் கூடத்தில் விரித்தார்.

“வூட்டையே ஓட்டிக்கினு போவலாம்ணே. பசிச்சா நிறுத்திட்டு சோறாக்கு. தூக்கம் வந்தா நிறுத்திட்டுப் படு. அடுத்த வருசம் எல்லாரும் வந்துடுங்க, ரோமுக்கு நான் இட்டுக்கினு போறேன்.”

“வண்டிய எங்கடா நிறுத்துவ?” என்றார் அப்பா.

“பாப்பரசர் வாசல்லயே. காலைல கண்ணத் தொறந்தா எதிர்ல பேதுரு கோயிலு.”

அத்தை ஈரக்கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். “அப்ப பூசைக்கு மொத வரிசைல குந்திக்கலாம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மறுநாளே அத்தை வேலையைத் தொடங்கிவிட்டார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேளாங்கண்ணிக்கு யார் போனாலும், போக முடியாதவர்கள் தங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதி மடித்து அவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கிய கைதான் அதை மாதா காலடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கை மாற்றக் கூடாது. போக முடியாமல் போய்விட்டால் கொடுத்தவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர் என்பதால் தெருவில் பாதிப் பேர் அத்தையிடம்தான் கொடுப்பார்கள். இப்போது ரோமுக்கே போகிறார் என்றதும் கேட்க வேண்டுமா? பால்மாவு டப்பா ஒன்றில் சீட்டுகள் சேரத் தொடங்கின. பயணத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. எங்கள் வீட்டில் யாரிடமும் பாஸ்போர்ட் கூடக் கிடையாது.

ஒரு நாள் அத்தை என்னிடம் பென்சில் வாங்கி, தேதிக் காலண்டரின் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எதையோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தபோது இடது கையால் மறைத்துக்கொண்டார். பொடியாக மடித்து, பிரியாமல் இருக்கச் சிவப்பு நூல் சுற்றி, அதையும் டப்பாவில் போட்டார்.

வண்டியில் தூங்கிப் பழக வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. தெரிந்தவரின் காய்கறி ஏற்றும் வேனைக் கேட்டு வாங்கி, பின்னால் மெத்தைகளை விரித்து, மண்ணெண்ணெய் அடுப்பும் பாத்திரமும் ஏற்றினார். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். கோமுகி அணை தாண்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். வளைவுகள் ஆரம்பித்ததும் அத்தைக்கு வாந்தி. வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

“ரோம்ல இப்புடி எடுத்தா வண்டியோட சேத்து நம்மளயும் ஊர வுட்டே தொரத்திடுவாங்க அண்ணி” என்றார் சித்தி. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அத்தையும் சிரித்தார். “காத்து மூஞ்சில பட்டா ஒண்ணும் ஆவாதும்மா. எனக்கு ஒரு ஜன்னலோரம் குடுத்துடுங்க. ரோமு இன்னா, மோட்சத்துக்கே வரேன்.”

பிறகு நாங்கள் அருவிக்குப் போனோம். அத்தை வண்டிக்குப் பக்கத்தில் கல் கூட்டி மறைப்புக் கட்டி, அடுப்பு காற்றில் அணையாமல் பார்த்துக்கொண்டு, சோறும் ரசமும் ஆக்கிக் கருவாடு வறுத்து வைத்திருந்தார். நனைந்த தலையோடு வந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்று அருவியைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் மாலை சித்தப்பா அந்தத் தாளையும் ஒரு பெரிய வெள்ளை அட்டையையும் என் முன்னால் வைத்தார். “இதப் பாத்து பெருசா வரஞ்சி, யார் யாரு எங்க படுக்கிறதுன்னு எழுது பாப்பா. இந்த வூட்லயே உன் எழுத்துதான் முத்து முத்தா கீது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அளவுகோல் வைத்து வரைந்தேன். பின்னால் பெரிய கட்டில்: சித்தப்பா, சித்தி. நடுவில் மேலும் கீழுமாக இரண்டு: அப்பா, அம்மா. ஓட்டுநர் தலைக்கு மேலே பரண் போல ஓர் இடம், அதில் ஒரு குட்டி ஜன்னல். அங்கே வீட்டில் படுப்பது போலவே நான், அத்தை, தம்பி என்று எழுதினேன். சாப்பாட்டு மேசையும் இருந்தது. அதன்மேல் ஏழு தட்டு வரைந்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தம்ளர் வைத்தேன்.

அம்மா குனிந்து பார்த்தார். “ஆறு பேருக்குதான்னு சித்தப்பா சொன்னாரில்ல? எண்ணிப் பாரு.”

எண்ணினேன். ஏழு.

அம்மா ரப்பரை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அவங்களுக்கு வண்டியே ஆவாது, பாவம்” என்றார் சித்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

“ஜாஸ்தி ஏத்துனா அங்க போலீசு வுடமாட்டான்” என்றார் சித்தப்பா. “நீயே யோசிச்சி எழுது பாப்பா. உன் இஷ்டம்.”

அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். அதைக் காலையிலேயே படித்து முடித்திருந்தார்.

என் இஷ்டம் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அம்மா ரப்பரை வைத்ததால்தான் அழித்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதி அந்தக் குட்டி ஜன்னல். அத்தை வந்தால் ஜன்னலோரம் அவருக்குத்தான், மலையிலேயே கேட்டுவிட்டாரே. அழித்த இடத்தை ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, ஜன்னலை ஒட்டி என் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

அன்று செபமாலை முடிந்ததும் பட்டியலை எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார் சித்தப்பா. எழுந்து நின்று, பள்ளியில் வாசிப்பது போலக் கணீரென்று வாசித்தேன். முடித்ததும் தம்பிதான் கேட்டான். “அத்தை எங்க படுக்கும்?”

“அக்காவ அடுத்த தபா தனியா ப்ளேன்லயே இட்டுக்கினு போறேன்” என்றார் சித்தப்பா. “இல்லக்கா?”

அத்தை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கட்டிலாகத் தொட்டுக்கொண்டு போனார். மேசையில் விரல் கொஞ்சம் நின்றது. தட்டுகளை எண்ணினாரோ என்னவோ. பெயரைத்தான் அழித்திருந்தேன். தட்டை மறந்துவிட்டேன்.

“எழுத்து நல்லா கீது பாப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போனார்.

காலையில் பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். சீட்டுகளின் மேல் வீட்டு அடையாளம் எழுதியிருந்தது. சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. நான் வாசிக்க வேண்டும். வீடு வீடாகப் போனோம்.

முனை வீட்டுப் பெரியம்மா சீட்டை வாங்கிக்கொள்ளாமல் நின்றார். “இன்னாக்கா, திருப்பிக் குடுக்கிற? போவலயா?”

“வண்டில எடம் இல்லம்மா.”

“ஆறு கட்டில்தான் பெரியம்மா” என்று நான் விளக்கினேன். “நான்தான் யார் எங்கன்னு எழுதினேன். எனக்கு ஜன்னலு.”

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “சோறாக்க ஆளு வேணும், ஏத்திக்கினு போவ மட்டும் எடமில்லயா? நல்லா கீதுக்கா உன் தம்பிங்க ஞாயம்.”

“சின்னப் புள்ள எதுர்ல இன்னா பேச்சு இது” என்றார் அத்தை. “வாங்கிக்க. உங்கையில குடுத்தாதான் எம்மனசு ஆறும்.”

அடுத்த வீட்டில், அப்படியானால் சீட்டைச் சித்தியிடம் கொடுத்துவிடலாமே என்றார்கள். கை மாற்றக் கூடாது என்றார் அத்தை. அதற்கடுத்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் காரணத்தை நானே முந்திக்கொண்டு சொன்னேன். அத்தைக்குச் சொல்லத் தெரியவில்லை, நான் உதவி செய்கிறேன் என்று நினைத்தேன்.

சித்தப்பா கிளம்பிப் போன அடுத்த வாரம் அத்தையும் கிளம்பினார். உளுந்தூர்பேட்டைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் சமையல் வேலை. “ஒரு படத்துக்கா இவ்ளோ கோவம்?” என்றார் அம்மா. அப்பா பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பிறகு கிறிஸ்துமசுக்கும் திருவிழாவுக்கும் வருவார்; சாயங்காலம் நான்கு மணி வண்டிக்குத் திரும்பிவிடுவார். எங்கள் வீட்டில் ஒரு இரவுகூட அவர் தங்கவில்லை.

ரோமுக்கு யாரும் போகவில்லை. அடுத்த வருடம் சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அந்தப் பேச்சே வரவில்லை. என் அட்டை மட்டும் பீரோ கதவில் வெகுநாள் ஒட்டியிருந்தது. போகாத வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டவர் ஒருவர்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த விடுதியிலேயே இறந்து, அங்கேயே அடக்கம் ஆனார். பிரசவமாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, என்னை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் போயிருப்பேனா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

நேற்றுக் கணவரிடம் கேட்டேன், அந்த வண்டியில் அதிகப்படியாக ஒரு ஆள் வந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று. “மேசையக் கீழ எறக்கிட்டா அதுவும் ஒரு பெட்தான். ஏன், யாராச்சும் வராங்களா?” என்றார். இல்லை என்றேன். சித்தப்பாவின் தாளிலும் மேசை இருந்தது. அவர் சொன்ன ஆறில் அதையும் சேர்த்தே எண்ணியிருக்கலாம். தெரியாது. அன்று யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும். கணவர் இன்னொன்றும் சொன்னார்: அந்த மாதிரி வண்டிகளைப் பழைய நகரத்துக்குள் விடமாட்டார்களாம். வெளியே நிறுத்திவிட்டு ரயிலில்தான் போக வேண்டுமாம்.

சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்த அன்று, கடைசி வீடும் முடிந்து திரும்பும்போது டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சத்தம் கேட்டது. பொடியாக மடித்து, சிவப்பு நூல் சுற்றிய காலண்டர் தாள். எழுதியதைக் கண்ணால் பார்த்தவள்தான் நான். ஆனால் தெருவெல்லாம் பேசி வந்த மும்முரத்தில் அது நினைவில் இல்லை.

“அத்த, ஒண்ணு மிச்சம் கீது. இதுல வூட்டுப் பேரே இல்ல. யாருக்குக் குடுக்கணும்?”

அத்தை அதை என் உள்ளங்கையிலிருந்து எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். “நீ நட பாப்பா, வெயிலு ஏறுது” என்றார்.

எனக்குக் கவலையாகிவிட்டது. பொறுப்பான பிள்ளை என்று பெயரெடுத்தவள் நான். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“எல்லாருக்கும் கரெக்டா குடுத்துட்டோம்மா. ஒரு வூடு மட்டும் எதுன்னு தெரியல.”