கட்டை இறக்கும் பெட்டி

கிட்டாரைத் துடைப்பது அவர் வேலை. அந்த வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை என்றும் சொல்லலாம். பழைய பனியனைக் கிழித்து வைத்திருக்கும் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக இழுத்து இழுத்துத் துடைப்பார். கிட்டார் அவருடையது அல்ல, மனைவியுடையது. அவள் விரல் வியர்வை பட்டுக் கம்பி துருப்பிடித்துவிடும். கல்யாணமான புதிதில் ஆசையாகத் தொடங்கியது, பிறகு பழக்கமாகி, கடைசியில் சான்றிதழாகிவிட்டது. "அவளுக்கு நான் என்னல்லாம் செய்யறேன் தெரியுமா" என்று யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால் அவர் எடுத்துக் காட்டுவது இந்தத் துணியைத்தான்.

அவளை எல்லோரும் கிட்டாரக்கா என்பார்கள். ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், மதிய வேளையில், சாப்பிடுகிறவர்களுக்கு வாசிப்பது அவள் பிழைப்பு. இசைக்கருவிக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தபோது, வாங்க வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டிக் காட்டியே கற்றுக்கொண்டாள். அப்படிக் கம்பி வாங்க வந்தவர்தான் அவர். பேஸ் கிட்டார்காரர். தடித்த நான்கு கம்பிகள், அடிவயிற்றில் அதிர்கிற குரல். வாங்கின கம்பியை மாற்றித் தரச் சொல்லித் திரும்பத் திரும்ப வந்தார். கம்பியில் ஒரு குறையும் இல்லை என்பது கடை முதலாளிக்குப் புரிவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஓட்டலில் அவளுக்குத் துணையாக வாசிக்கும் அவருக்குக் கட்டையண்ணன் என்று பெயர். தடிக் கம்பி வாசிப்பதால் வந்தது. எங்கே இடம் கண்டாலும் கட்டையைச் சாய்த்துவிடுவார் என்பதால் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் மேடை ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். அவள் எங்கே தடுமாறினாலும் அவர் ஒரு ஸ்வரத்தைக் கீழே விரித்துப் பிடிப்பார். அவள் அதன்மேல் கால் வைத்துக் கரையேறிவிடுவாள். அவர்மேல் அவளுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்தக் குறுகிய மேடையில்தான் இருந்தது. வீட்டில் அடைக்காத குழாயையும் மாற்றாத பல்பையும் அவள் அங்கே வைத்துத்தான் மன்னித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அவர் ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே காலால் மிதிக்க ஒரு குமிழ், பக்கத்தில் இரண்டு திருகுகள். எவனோ வாசித்துக் கழித்துக் கட்டியது. எப்போதோ சிந்திய சர்க்கரைத் தண்ணீர் காய்ந்து பிசுபிசுத்தது. அதில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"இனிமே இதுதான் நான்," என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "இதை மிதிச்சா உன் கிட்டாரோட குரல் ஒரு ஸ்தாயி கீழ இறங்கிடும். பேஸ் மாதிரியே கேக்கும். கூடத்துல இன்னொரு மேசை போடறாங்களாம். மேடையில ஒரு ஆளுக்குத்தான் இடமாம். சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"இத்தனை வருஷம் நின்ன ஆளை இறங்குன்னு சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்துச்சு? இருங்க, நான் கேக்கறேன்."

"ஐயோ, வேண்டாம்மா. கேக்கப் போய் உன்னையும் வேண்டாம்னுட்டா? எனக்காக நீ யார் முன்னாலயும் போய் நிக்காதே."

குரல் கம்மியது. அவள் அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தை இன்னொரு முறை கழுவினாள். பிறகு வந்து ஈரத்துணியால் பெட்டியின் பிசுக்கைச் சுரண்டி எடுத்தாள். அந்த முடியை நகத்தால் கிள்ளி எறிந்தாள்.

பெட்டி அவளுக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழகினால், விரலடியில் கம்பியின் சொந்தக் குரலும் கேட்கும், ஒலிபெருக்கியில் இறங்கிய குரலும் கேட்கும். அவள் பேசப் பேச யாரோ தரைக்கடியில் உட்கார்ந்து கேலி செய்வது போல இருந்தது. பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான் புரியும். இரண்டைச் சேர்த்துத் தொட்டால் தொண்டையில் சளியை உருட்டும்.

"அம்மா, அப்பா தூக்கத்துல இப்படித்தான் பண்ணுவாரு," என்றாள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள். "அச்சு அசலா இருக்கு."

"உங்கப்பாவே மனசு உடைஞ்சு கிடக்காரு. நீ வேற."

"உடைஞ்சு கிடக்கறவரா அந்த வெட்டு வெட்டறாரு? மூணாவது தடவை சோறு போட்டுக்கறாரும்மா."

அவருக்கு உற்சாகம்தான். "மிதிக்கறப்போ குதிகாலைத் தூக்காதே," "திருகை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்" என்று நாற்காலியில் சாய்ந்தபடி பாடம் எடுத்தார். துக்கத்தை மறைக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பிலேயே ஒரு முடிவும் செய்துகொண்டாள். பெட்டியைக் கூடத்தில் அசிங்கப்படுத்திக் காட்டுவது. அதைத் தூக்கிக்கொண்டு போங்கள், அண்ணனைக் கூட்டி வாருங்கள் என்று சூப்பர்வைசர் வாயாலேயே வரவழைப்பது.

பெட்டியோடு முதல் நாள். அவர் நிற்கிற இடம் காலியாக இருந்தது. எதிரே வாய்கள் மென்றுகொண்டிருந்தன. ஒருவர் பல்லைக் குத்தி, குத்தியதை உற்றுப் பார்த்து, மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். மெல்லிய பாட்டு ஒன்றின் நடுவில் அவள் பெட்டியை மிதித்து, இரண்டு கம்பிகளை வேண்டுமென்றே சேர்த்து இழுத்தாள். பெட்டி ஏப்பம் விட்டது. ஒரு குழந்தை சிரித்தது. அவள் இன்னொரு முறை இழுத்தாள்.

இடைவேளையில் சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவளைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"என்னக்கா இது? சாப்பிடற இடத்துல போய்... உங்களுக்கு நல்லாப் பழகிடுச்சுன்னுல்ல அண்ணன் சொன்னாரு?"

"அவரை நீங்க இறக்கினீங்க. இப்ப இதைக் கேளுங்க."

"நான் இறக்கினேனா?" அவர் உண்மையிலேயே திகைத்தார். "நான் அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்க்கா, ரெண்டு பேரா நின்னாத்தான் மேடைக்கு அழகுன்னு. அவருதான், மதியம் நின்னா ஒத்துக்கலை, சாப்பிட்டதும் கொஞ்சம் படுத்தாகணும், பெட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன், வீட்டுக்காரி பார்த்துக்குவான்னாரு. வாசல்ல வாசிக்கறவங்க பேர் போட்ட பலகையில மட்டும் தன் பேரை எடுக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு."

"இன்னொரு மேசை?"

"எந்த மேசைக்கா?"

அவளுக்கு ஈரத்துணி நினைவுக்கு வந்தது. நகத்தில் கிள்ளிய முடி. அன்று அவர் குரல் கம்மியது. கழுவிய பாத்திரத்தைத் தான் மறுபடி கழுவியது. குளிக்க வேண்டும் போல இருந்தது.

மீதி வேளைக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு வாசித்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் ஒரு பள்ளம். அவர் தாங்குகிற இடம் வரும்போதெல்லாம் அவள் கால் வழுக்கியது. யாரும் தலை தூக்கவில்லை. பல்லைக் குத்தியவர் இன்னொரு கிண்ணம் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் அப்போதுதான் எழுந்திருந்தார். கன்னத்தில் தலையணைக் கோடு. பையிலிருந்து கிட்டாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, துணியைத் தேடி எடுத்தார்.

"எப்படிப் போச்சு? யாராவது வித்தியாசம் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லை."

"பார்த்தியா! நான் சொல்லலை?" முதல் கம்பியைத் துடைக்கத் தொடங்கினார். முகம் மலர்ந்திருந்தது. ஒரு மனுஷர் தான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டு இப்படி மலர்வாரா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து அவர் கையிலிருந்து துணியை உருவிக்கொண்டாள்.

"விடுங்க. நானே துடைச்சுக்கறேன்."

"ஏம்மா, நான்தானே எப்பவும்..."

"சூப்பர்வைசர் எல்லாத்தையும் சொன்னாரு."

அவர் வெறும் கையைப் பார்த்தார். விரல்களை ஒரு முறை மடக்கி நீட்டினார். மூலையில் சாய்த்திருந்த அவருடைய பேஸ் கிட்டாரின் உறைமேல் தூசி படியத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் தூக்கி வந்து அவர் எதிரே நாற்காலியில் நிறுத்தினாள்.

"நான் வேற எதுவும் கேக்கலை. நாளைக்கு மேடைக்கு வர்றீங்களா?"

அவர் அவளுடைய கிட்டாரை மடியிலிருந்து மெதுவாக இறக்கிக் கட்டிலில் வைத்தார். எழுந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்திருந்த பேஸ் கிட்டாரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.