காக்காக்கடி

நேற்று நர்ஸ் என் விரல் காயத்தில் அயோடின் தடவினார். அந்த வாசனை நாற்பது வருடம் பின்னால், சேலையூர்ப் பள்ளி ஆய்வகத்துக்கு என்னை இழுத்துப்போனது.

"எச்சில் யாரு தரீங்க?" என்றார் டீச்சர். எச்சில் டம்ளரைத் தொட்டாலே கை கழுவச் சொல்லும் வீட்டுப் பெண் நான், தலையைக் குனிந்துகொண்டேன். சிநேகிதி ஸ்டெல்லா தந்தாள்.

அயோடின் கலந்து நீலமாகியிருந்த கஞ்சி இரண்டு குழாய்களில் இருந்தது. டீச்சர் இரண்டிலும் அவள் எச்சிலை விட்டார். ஒன்றில் மட்டும் வினிகரும் சேர்த்தார். சற்று நேரத்தில் வினிகர் இல்லாத குழாயில் நீலம் தானாகக் கரைந்து தெளிந்தது. குனிந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன்.

"எச்சில் மாவைச் சர்க்கரையாக்கிடுச்சு. புளிப்பு பட்டா அதால முடியாது," என்றார் டீச்சர்.

மாலையில் ஸ்டெல்லா வழக்கம்போலக் கமர்கட்டைத் தாவணியில் சுற்றி, எச்சில் படாமல் எனக்குப் பாதி கடிக்கப்போனாள்.

"துணி வேணாம்டி," என்றேன். "அப்படியே கடிச்சுக் குடு."