தெரியுதுன்னு சொல்லு

சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்துக்கு எந்த ஆன்டெனா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கம்பம் சாய்ந்தால் எங்கே விழும்? குச்சிகள் எத்தனை, ஒயர் எவ்வளவு நீளம், பூஸ்டர் எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகு. தொலைத்தொடர்பு படித்ததால் வந்த பழக்கம் என்று நினைக்கிறார்கள். அது மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டது.

சாரம் என்கிற கடலோரப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு டிவியில் சென்னை ஒளிபரப்பு மணலைக் கொட்டியது போலத்தான் தெரியும். முகம் இருக்கும், மூக்கு இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா இதற்கு முடிவுகட்டக் கிளம்பினார். கடையில் இருந்ததிலேயே பெரிய ஆன்டெனா, பட்டை ஒயர் ஒரு சுருள், சிக்னலைக் கூட்டிக் காட்டும் பூஸ்டர் ஒன்று, தட்டாஞ்சாவடியில் அவர் வேலை பார்த்த பட்டறையிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள்.

தேர்ந்தெடுத்தது எல்லாமே தவறு. உப்புக் காற்றுக்குப் பட்டை ஒயர் தாங்காது, உருண்டையான கோஆக்சியல் ஒயர் வேண்டும். பூஸ்டர் கம்பத்தின் உச்சியில் இருக்க வேண்டும்; அப்பா டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அறிந்த விதி ஒன்றுதான்: உயரம். குழாய்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்து, மொட்டை மாடியின் தெருப்பக்கச் சுவரோடு கட்டினார். அந்தப் பக்கம்தான் மின்கம்பி போயிற்று.

"கொக்கு உக்காரவாண்ணே இவ்ளோ ஒசரம்?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அப்பா சிரித்தார்.

மாடியில் அப்பா, டிவி முன்னால் அம்மா, நடுவே வாசலில் நான். அவர் கேட்பதை உள்ளேயும் அவள் சொல்வதை மேலேயும் சேர்ப்பது என் வேலை.

"தெர்தான்னு கேளு."

"தெர்லியாம்பா."

ஆன்டெனாவைத் திருப்பக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும்போதெல்லாம் குழாய் தெருப்பக்கம் சாய்ந்தது. கடற்காற்று எழுந்ததும் இன்னும் சாய்ந்தது. அப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் மேலே ஆன்டெனாவில் இருந்தது. குழாய்க்கும் மின்கம்பிக்கும் நடுவே இருந்த வானம் ஒடுங்குவதைக் கீழேயிருந்து நான்தான் பார்த்தேன்.

"அம்மா, குழாய் கரண்டுக் கம்பிகிட்ட போவுது."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எறங்கி வரச்சொல்லுடி."

சொன்னேன். "படம் வராம எறங்க மாட்டேன்னு சொல்லு உங்கம்மாகிட்ட," என்றார் அப்பா. மறுபடி கயிற்றைத் தளர்த்தினார்.

அம்மா நிலைப்படிவரை வந்து நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் தோளை இறுகப் பிடித்தாள்.

"தெரியுதுன்னு சொல்லு."

எட்டி உள்ளே பார்த்தேன். திரை முழுக்க மணல். மூக்கு மட்டுமல்ல, முகமே இல்லை.

"தெர்லியேம்மா."

"நல்லா தெரியுதுன்னு சொல்லுடி."

கத்தினேன். அப்பா "பாத்தியா?" என்று பெருமையாகக் கேட்டுவிட்டு, குழாயை நிமிர்த்தி இறுகக் கட்டினார்.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டபோது இரண்டாவது பயம் பிடித்துக்கொண்டது. பொய் இப்போது தெரிந்துவிடும். அடி எனக்கா, அம்மாவுக்கா?

அப்பா டிவி முன்னால் வந்து நின்றார். மணலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவள் துண்டை அவர் மேல் வீசிவிட்டு, அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அப்பா வாசலுக்குப் போய் மேலே குழாயையும் மின்கம்பியையும் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் தெரியுது," என்றார், அடுப்படிக்குக் கேட்கும்படி.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் ஆன்டெனாவைப் பின்பக்கம் மாற்றிக் கட்டினார், ஒரே குழாயில். படம் இன்னும் மோசமானது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

எனக்கோ புதிதாக ஒரு பயம் சேர்ந்துகொண்டது: அப்பாவும் தெரியுது என்கிறாரே, அப்படியானால் அம்மா சொன்னதும் பொய்யில்லையா? வகுப்பில் டீச்சரிடம் ரகசியமாகச் சொன்னேன்: எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கண் கெட்டுவிட்டது.