ஓலைத் தட்டிகளை இறக்கிய நாள்

நர்ஸ் ஃபுவாட்டினோவுக்கு ஒரு வழக்கம். கைக்குழந்தையோடு ஒரு தாய் பெண்கள் சங்கக் கூடத்துக்குள் ஏறியதும், கண்ணில் படுகிற ஆண்களுக்கெல்லாம் வேலை வைத்துவிடுவாள். ஒருவன் தேங்காய் பறிக்கப் போக வேண்டும், ஒருவன் தண்ணீர் கொண்டுவர வேண்டும். போதகரே வந்தாலும் அவருக்கும் ஒரு வேலை உண்டு. பிறகு கூடத்தைச் சுற்றிலும் ஓலைத் தட்டிகளை இறக்கிவிடுவாள்.

அது சியெனியால் வந்த வழக்கம்.

சவாயித் தீவின் அந்தக் கிராமத்துக்கு மாதம் ஒருமுறை தலைநகர் ஆப்பியாவிலிருந்து டாக்டர் வந்து, அந்தக் கூடத்தில்தான் தாய்மார்களைப் பார்ப்பார். அவர் மேசைக்குப் பக்கத்தில் பதிவேட்டோடு ஃபெரெட்டி உட்கார்ந்திருப்பான். அவன் சியெனிக்குப் பெரியப்பா மகன், அப்படியென்றால் அண்ணனேதான். அண்ணன் காதுபடத் தங்கை தன் உடம்பைப் பற்றிப் பேசினால் இரண்டு குடும்பமும் தலைகுனிய வேண்டும். டாக்டருக்கு அந்த உறவு தெரியாது.

"புருஷனோட சேர்ந்திருக்கறதுல ஏதாவது கஷ்டம் உண்டாம்மா?" என்று அன்று சியெனியிடம் கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் சியெனி, பாயைப் பார்த்தபடி. ஃபெரெட்டி கூரையைப் பார்த்துக்கொண்டே பென்சிலை எடுத்தான்.

பிரசவமாகி நாலு மாதம். சியெனி இன்னும் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தாள். முந்தின நாள் குளிக்கும் துறையில் அவள் அழுததை ஃபுவாட்டினோ பார்த்திருந்தாள். வலி தாங்காமல் விலகிப் படுத்தவளை, மனசு மாறிவிட்டாள் என்று நினைத்துப் புருஷன் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

"எழுதாத ஃபெரெட்டி. மேசையத் தூக்கு" என்றாள் ஃபுவாட்டினோ.

"எங்க, அக்கா?"

"ஈரப்பலா மரத்தடிக்கு."

டாக்டர் நிமிர்ந்தார். "கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு நர்ஸ். இன்னும் முப்பது பேர் இருக்காங்க."

"அண்ணன முன்னால வச்சுக் கேட்டா எவ சொல்லுவா? உங்க தங்கச்சிகிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க டாக்டர், உங்கம்மா விளக்குமாத்தோட வருவாங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஃபெரெட்டி அதற்குள் மேசையோடு பாதி தூரம் போயிருந்தான்.

"உங்க மேல புகார் எழுதுவேன்."

"எழுதுங்க. மேசை அங்கதான் இருக்கு. நல்ல நிழல்."

தட்டிகள் இறங்கின. அதன் பிறகுதான் சியெனி வாய் திறந்தாள். தையல் போட்ட இடம் தப்பாக ஆறி இறுகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபுவாட்டினோ எழுதிய சீட்டில் டாக்டர் மரத்தடியிலேயே கையெழுத்துப் போட்டார். அங்கே சரிசெய்தார்கள். காரணம் தெரிந்ததும் புருஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

புகாரையும் டாக்டர் எழுதத்தான் செய்தார். ஃபுவாட்டினோவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். பதினோரு வருஷம் ஆகிறது, அவள் கேட்கவில்லை. மேசை இன்னும் மரத்தடியில்தான் இருக்கிறது.