ஓனரின் தலை உருண்ட ரயில்

திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறியபோது ஜன்னலோரம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண்டெய்னர் யார்டு செக்யூரிட்டி. காக்கிச் சட்டை, கொண்டையில் கனகாம்பரம், கையில் விரிசல் விழுந்த செல்போன். அதில் ஏதோ வெளிநாட்டு ராஜா காலத்துத் தொடர். திரை முழுக்கத் தாடிக்காரர்கள். எட்டிப் பார்த்த எனக்குத் தலை சுற்றியது.

“இதுல யார் யாருன்னு எப்படிம்மா தெரியுது?”

“நானே பேர் வெச்சிக்குவேன் சார். கிரீடம் போட்டுக்கினு கீறான் பாரு, அவன் எங்க வூட்டு ஓனரு. அந்தாண்ட மொறைக்கிறவன் சூப்பர்வைசரு. தோ, இது எங்க வூட்டுக்காரு. இன்னா நடக்குதுன்னே தெரியாம கத்தியத் தூக்கினு சுத்துது.”

அடுத்த காட்சியில் ஓனரின் தலை உருண்டது. அம்மாள் சந்தோஷமாகப் பையைத் திறந்து எனக்கும் ஒரு முறுக்கு தந்தார்.

அப்போது திரையில் புதிதாக ஒரு சொட்டைத்தலையன் வந்தான். அம்மாள் படத்தை நிறுத்தினார். அவனைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார்.

“இது நீ சார்.”

“நல்லவனா?”

“இப்பதானே வந்துகீற? பார்க்கலாம்.”

அதற்குள் ராயபுரம் வந்துவிட, இறங்கிப் போய்விட்டார்.

மறுவாரம் அதே ரயிலில் அவரைக் கண்டதும் ஓடிப்போய்க் கேட்டேன். “அம்மா, நான் என்ன ஆனேன்?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “வுடு சார். தங்கமான மனுசன் நீ” என்று முறுக்குப் பொட்டலத்தை அப்படியே என் மடியில் வைத்தார்.

யார் கையால் செத்தேன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் வீட்டுக்காரர் கையால் மட்டும் இருக்கக் கூடாது என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.